நூற்றுப் பதினாறாம் நம்பர் ஸ்லைடு

போன மாதம் ஒரு கையெழுத்துக்காக நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். லேப்பில் இப்போது இருக்கிற பிள்ளைகள் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். பேச்சு எங்கெங்கோ சுற்றி வந்தபோது ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, அந்தக் காலத்துல பயாப்ஸி ரிப்போர்ட் வர ஏழு நாள் ஆகுமாமே. ஏழு நாளும் என்னதான் செஞ்சீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தாள் போலிருக்கிறது. அங்கேயே நாலு வார்த்தை சொன்னேன். ஆனால் டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமா அது? வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் ஆரோக்கியமேரி. வீடு காட்டூரில். எழுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் பாட்டில் கழுவினேன், திட்டு வாங்கினேன், விரலை வெட்டிக்கொண்டேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. அதற்கப்புறம் எனக்குக் கொடுத்த வேலை பயாப்ஸி செக்‌ஷன். ரிட்டயர் ஆகும்வரை அதுதான்.

அந்த ஏழு நாள் கணக்கைச் சொல்கிறேன். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து சதைத்துண்டு ஃபார்மலினில் மிதந்தபடி வரும். அதற்கென்று தனிப் பாட்டிலெல்லாம் கிடையாது, கழுவிக் காயவைத்த ஜாம் பாட்டில்தான். ஒரு நாள் அது ஊற வேண்டும். அப்புறம் டாக்டர் அதை அறுத்துப் பார்த்து, வேண்டிய இடத்தைப் புளியங்கொட்டை அளவுக்கு எடுத்துக் கொடுப்பார். அதை மெல்லிய துணியில் முடிந்து, கூடவே நம்பர் சீட்டு வைப்பேன். நம்பரைப் பென்சிலால்தான் எழுத வேண்டும், பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்து போகும். ஸ்பிரிட் ஜாடி ஒன்று மாற்றி ஒன்று, அப்புறம் அந்த ஸ்பிரிட்டை எடுக்க சைலீன், அப்புறம் உருகிய மெழுகு. மெழுகைப் பித்தளை அச்சில் ஊற்றிக் கட்டியாக்கி, தீட்டிய கத்தியால் வெங்காயச் சருகை விட மெல்லிசாகச் சீவ வேண்டும். அப்படிச் சீவிய துண்டுக்கும் செக்‌ஷன் என்றுதான் பெயர். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்தி, நீலச் சாயமும் ரோஸ் சாயமும் ஏற்ற வேண்டும். நடுவில் கரண்ட் போனால் மெழுகு உறைந்து ஒரு நாள் போச்சு. திருச்சி வெயிலில் கட்டி இளகிவிடும், ஐஸில் வைத்துத்தான் சீவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேறு குறுக்கே வரும். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பெண்பிள்ளை வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பாள்.

எங்கள் டாக்டர் பெயர் கோமளம். ஸ்ரீரங்கத்து வைஷ்ணவக் குடும்பம். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்குவார், கையில் ஒரு டிபன் டப்பாவும் குடையும். ஆள் ஒல்லி, குரலும் மெல்லிசு, ஆனால் அந்தக் குரலுக்கு சர்ஜன்களே பயப்படுவார்கள். வந்ததும் பழைய வேஷ்டித் துணியால் மைக்ராஸ்கோப் லென்ஸைத் துடைப்பார். ஒவ்வொரு ஸ்லைடையும் முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி வெறும் கண்ணால் பார்ப்பார். அப்புறம்தான் லென்ஸுக்குக் கீழே வைப்பார். பதினோரு மணி வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் சீவியது சரியில்லை என்றால் மட்டும் தலையைத் தூக்காமலே, "மேரி, இது செக்‌ஷனா உப்புமாவா?" என்பார். அவ்வளவுதான். அதைக் கேட்டுவிட்டுப் பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன். எனக்கு இரண்டாவது பிரசவமானபோது ஒரு மாதம் என் வேலையையும் சேர்த்துச் செய்தவர் அவர்தான். அதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. நான் திரும்பி வந்தபோது விரலில் இரண்டு கட்டு போட்டிருந்தார், அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. டெஸ்டுக்கு வருகிற சீட்டில் மேலே பெயர் இருக்கும், கீழே வயசும் எந்த இடத்துச் சதை என்பதும் இருக்கும். பெயர் இருக்கிற பகுதியைப் பின்பக்கமாக மடித்துக் குண்டூசி குத்தித்தான் அவர் மேஜையில் வைக்க வேண்டும். பெயரும் நம்பரும் சேர்ந்திருக்கிற ரிஜிஸ்டர் என்னிடம் இருக்கும். ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெயரைப் பார்ப்பார்.

காரணம் இல்லாமல் இல்லை. முன்பு ஒரு சமயம் எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியின் ஸ்லைடு வந்தது. கோமளம் டாக்டருக்கு அவள் மேல் உயிர். பார்த்ததும் தெரிந்திருக்க வேண்டிய கேன்சரை, சந்தேகமாக இருக்கிறது, மறுபடி எடுத்து அனுப்புங்கள் என்று இரண்டு தடவை எழுதினார். ஒரு மாதம் போய்விட்டது. அந்த நர்ஸ் பிழைக்கவில்லை. அன்றிலிருந்துதான் இந்தக் குண்டூசி. "பேர் தெரிஞ்சா கண்ணு இரக்கப்படும் மேரி. இரக்கப்படற கண்ணுக்கு செல் சரியாத் தெரியாது" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசியதில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை. டாக்டர் ஒரு மீட்டிங்குக்காக மெட்ராஸ் போய்விட்டு வந்திருந்தார். டிபன் டப்பாவை வைத்த கையோடு பழுப்புக் கவரிலிருந்து ஒரு எக்ஸ்ரே படத்தை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார். மேமோகிராம் என்றார். மார்பை மட்டும் எடுக்கிற படம். அப்போது அது எங்கள் ஊருக்கு வரவில்லை, நான் பார்த்த முதல் மேமோகிராம் அதுதான். ஒரு மூலையில் ரவை சிந்தினாற்போல் வெள்ளைப் புள்ளிகள்.

யாருடையது என்று கேட்டேன். "ஒரு பொம்மனாட்டியோடது. வயசு நாப்பத்தொம்பது" என்றார். படத்தைக் கழற்றி மறுபடி கவரில் போட்டார். அப்புறம், "என்னோடதுதான்" என்றார்.

கூடப் படித்த சிநேகிதி மெட்ராஸில் அந்தப் படம் எடுக்கிற இடத்தில் இருந்தாராம். விளையாட்டுபோல எடுத்துப் பார்த்ததில் இப்படி. சந்தேகமாக இருக்கிறது, உடனே பயாப்ஸி எடு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கையால் தடவிப் பார்த்தாலும் நெல்லிக்காய் அளவுக்குத் தட்டுப்பட்டதாம். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "ஃபார்மலின் பட்டுடுத்தா? போய் அலம்பிண்டு வா" என்று விரட்டினார்.

வீட்டில் சொல்லவில்லை. அவர் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார், பயந்த சுபாவம், தலைவலி என்றாலே ராத்திரி முழுக்க விழித்திருப்பாராம். ரிப்போர்ட் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். ஆக, சர்ஜனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதைவிடப் பெரிய குண்டு அடுத்து விழுந்தது. அந்த ஸ்லைடைத் தானே பார்க்கப் போவதாகச் சொன்னார்.

நான் சண்டை போட்டேன். வாழ்க்கையில் அவரோடு போட்ட ஒரே சண்டை. உங்க ஸ்லைடை நீங்களே பார்ப்பீங்களா, உலகத்தில் உண்டா என்று கேட்டேன். "இத்தனை வருஷமா ஊர்ல இருக்கற பொம்மனாட்டியெல்லாம் என் கண்ணை நம்பிண்டு இருக்கா. நான் நம்ப வேண்டாமா?" என்றார். அந்த வாரம் மார்புச் சதை இன்னும் ஒன்றும் வரப்போகிறது, வயசும் ஏறக்குறைய ஒன்று. இரண்டையும் நம்பர் மட்டும் போட்டு டிரேயில் வை, எது யாருடையது என்று எனக்குத் தெரிய வேண்டாம், நான் பார்த்த பிறகு தஞ்சாவூரில் இருக்கிற பெரிய டாக்டருக்கும் அனுப்பிவிடலாம் என்றார். செய்திருக்கக் கூடாது என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை அவர்.

அந்த இன்னொருத்தி அஞ்சலை. காந்தி மார்க்கெட்டில் கீரை விற்கிறவள். புருஷன் இல்லை, ஒரே மகன் வடக்கே எங்கேயோ வேலையில் இருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே நாள் காலையில்தான் கட்டியை எடுத்தார்கள். தியேட்டருக்கு வெளியே பச்சை கவுனைப் போட்டுக்கொண்டு இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டும் கண்ணாடியும் இல்லாமல் எங்கள் டாக்டரைப் பார்க்க எனக்கே அடையாளம் தெரியவில்லை, அஞ்சலைக்கு எப்படித் தெரியும்? எந்தப் பக்கம் கட்டி என்று விசாரித்தாள். தனக்கும் இடதுதான் என்று ஏதோ சொந்தம் கண்டுபிடித்த மாதிரிச் சந்தோஷப்பட்டாள். "கூட யாரு வந்திருக்காங்க, தங்கச்சியா?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமா, தங்கச்சிதான்" என்றார். கழுத்தில் சிலுவை தொங்குகிற தங்கச்சி. அஞ்சலை அதையெல்லாம் கவனிக்கவில்லை.

ரிஜிஸ்டரில் அஞ்சலைக்கு நூற்றுப் பதினான்கு. டாக்டருக்கு நூற்றுப் பதினாறு. நானே பென்சிலால் எழுதினேன்.

மறுநாளிலிருந்து தினமும் மத்தியானம் கடையை மூடிக்கொண்டு அஞ்சலை லேப் ஜன்னலுக்கு வந்துவிடுவாள். வரும்போது ஒரு கட்டு முளைக்கீரையோ அரைக்கீரையோ உள்ளே தள்ளுவாள். ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும் என்று எத்தனை தடவை சொன்னாலும் சரிதான் கண்ணு என்று தலையாட்டிவிட்டு மறுநாளும் வந்து நிற்பாள். கூடவே, "உங்கக்காளுக்கு வந்துருச்சா?" என்று கேட்பாள். மூன்றாம் நாள் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தவள் மைக்ராஸ்கோப் முன்னால் வெள்ளைக் கோட்டோடு இருந்தவரைப் பார்த்துத் திகைத்துப்போனாள். அப்புறம் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. தான் ஏதோ வெயிலிலும் புழுதியிலும் கிடக்கிறவள், படித்த அம்மாவுக்கு இது என்ன அநியாயம் என்று ஜன்னலிலேயே நின்று சாமிகளையெல்லாம் ஒரு பிடி பிடித்தாள். டாக்டர் அன்றைக்குத்தான் அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். கீரையை ஸ்ரீரங்கம் கொண்டுபோய் மசியல் பண்ணியதாக மறுநாள் சொன்னார்.

எனக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை. இத்தனை வருஷம் ஆயிரக்கணக்கில் சீவியிருக்கிறேன், நூற்றுப் பதினாறைச் சீவும்போது மூன்று தடவை கிழிந்து, நாலாவது தடவைதான் சரியாக வந்தது. மெழுகில் பார்க்க இரண்டு துண்டும் ஒரே மாதிரி இருந்தன.

ஏழாம் நாள் காலை. டிரேயில் ஒன்பது ஸ்லைடு. வயசு எழுதின இடத்தையும் சேர்த்து மடித்துவிட்டேன். என் மூஞ்சி காட்டிக்கொடுத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். என்னைச் சுவரைப் பார்த்து ஸ்டூலில் உட்காரச் சொன்னார். வகுப்பில் தண்டனை வாங்கின பிள்ளை மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுத வேண்டும். கர்ப்பப்பை, குடல்வால், கழுத்துக் கட்டி என்று போய்க்கொண்டிருந்தது. ஜன்னலில் காக்காய் கத்துவது கூடக் கேட்டது.

"நூத்திப்பதினாலு" என்றார். அப்புறம் வெகுநேரம் மைக்ராஸ்கோப்பின் திருகு திரும்புகிற சத்தம் மட்டும்.

"கேன்சர். எழுதிக்கோ."

என் வாயிலிருந்து "அப்பாடா" என்று வந்துவிட்டது.

நானாகச் சொல்லவில்லை, அது வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்குத் தெரிந்தது. பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

"ஒருத்திக்குக் கேன்சர்னு சொல்றேன். நீ அப்பாடாங்கறே" என்றார் டாக்டர். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஒரு அவமானத்தை நான் பட்டதில்லை. தினமும் கீரை கொண்டுவந்து கொடுத்தவள், உங்கக்காள் உங்கக்காள் என்று கேட்டவள், அவளுக்கு என்று தெரிந்ததும் என் நெஞ்சு குளிர்ந்திருக்கிறது. சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பிறகு சொன்னேன். அவர் ஏதோ ஜெபம் சொல்லச் சொன்னார். அதனால் ஒன்றும் தீரவில்லை.

அதோடு போனதா? அந்த ஒரு வார்த்தையால் மிச்சம் இருக்கிற நூற்றுப் பதினாறு தன்னுடையது என்று டாக்டருக்குத் தெரிந்துபோயிற்று. ஸ்லைடை எடுத்து லென்ஸுக்குக் கீழே வைத்தார், பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எனக்குத் தெரியலை மேரி. ஒரு நிமிஷம் கேன்சர் மாதிரி இருக்கு, ஒரு நிமிஷம் இல்லாத மாதிரி இருக்கு. இனிமே இந்தக் கண்ணு இதுக்கு உதவாது" என்றார். என்னைத் திட்டவில்லை. நாளைக் காலையில் நீயே தஞ்சாவூருக்கு எடுத்துக்கொண்டு போ என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் அஞ்சலை வந்தாள். அந்தக் காலத்தில் இப்படி ஒரு ரிப்போர்ட்டைப் பொம்பளைகளிடம் சொல்ல மாட்டார்கள், கூட வந்த ஆம்பளையைக் கூப்பிட்டுக் குசுகுசுவென்று சொல்வார்கள். அஞ்சலையோடு யாரும் வரவில்லை. டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டு, தன் நாற்காலிக்கு எதிரே உட்கார வைத்து, நேராகவே சொன்னார். இருக்கிறது, சீக்கிரம் பார்த்துவிட்டோம், ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும் என்று. அஞ்சலை எத்தனை நாள் கடையை மூட வேண்டியிருக்கும் என்று கேட்டாள். அப்புறம், "உங்களுது என்னாச்சும்மா?" என்றாள்.

இன்னும் வரவில்லை என்றார் டாக்டர்.

"வரட்டும். உங்களுக்கும் இருந்துச்சுன்னா பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல படுத்துக்குவோம். பேச்சுத்துணையாச்சு" என்றாள் அஞ்சலை. டாக்டர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

மறுநாள் இரண்டு ஸ்லைடையும் மரப்பெட்டியில் வைத்து, கைக்குட்டையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் பஸ்ஸில் உட்கார்ந்தேன். பஸ் காட்டூர் வழியாகத்தான் போகும். எங்கள் தெருமுனையில் என் சின்ன மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு விளையாடிக்கொண்டிருந்தாள். கூப்பிடக்கூடத் தோன்றவில்லை. தஞ்சாவூர் டாக்டர் வயசானவர். ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்தார், இரண்டு தடவை புஸ்தகத்தைப் புரட்டினார். கடிதம் எழுதிக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தக் கவரை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்க்கச் சொல்லி மனசு அரித்தது. மாட்டேன் என்று பெட்டிக்கு அடியில் வைத்து, மேலே என் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். ஒரு வார்த்தையால் நான் செய்தது போதாதா?

டாக்டர் கவரைப் பிரித்துப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நூற்றுப் பதினான்கு, உங்கள் முடிவுதான் சரி. நூற்றுப் பதினாறு, கேன்சர் இல்லை. பார்வைக்குக் கேன்சர் மாதிரியே ஏமாற்றுகிற ஒரு சாதாரணக் கட்டி. கவலை வேண்டாம். நான் சந்தோஷத்தில் அழுதேன். அவர் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "அவகிட்ட எப்படிடி சொல்றது, உனக்கு இருக்கு, எனக்கு இல்லேன்னு?" என்றார்.

அஞ்சலைக்கு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்களை ஏங்க வைக்க எனக்கு மனசில்லை. ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. வேறு எங்கேயும் பரவவில்லை. மகன் வந்து கூட இருந்தான். அதற்கப்புறம் பல வருஷம் அதே இடத்தில் கீரை விற்றாள், எனக்கு மட்டும் எப்போதும் கட்டு கொஞ்சம் பெரிசாக இருக்கும். ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. மறுநாள் காலையில் ஆபரேஷன், வார்டில் சேர்த்துவிட்டார்கள். அவ்வளவுதான் தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் டாக்டர் வார்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அஞ்சலை கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பார்த்ததும் முதலில் கேட்டது அதைத்தான். டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, ஏதோ திருடியவர் மாதிரி, "எனக்கு இல்லேன்னு வந்திருக்கு அஞ்சலை" என்றார்.

அஞ்சலையின் முகம் அப்படியே மலர்ந்தது. நடிப்பு இல்லை, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தலையணைக்குக் கீழே கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சமயபுரம் போயிருந்தாளாம். "ரெண்டு பேருக்கும்தான் வேண்டிக்கிட்டேன். ஆத்தா ஒண்ணக் காப்பாத்திட்டா. இன்னொண்ணு நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டே பொட்டலத்திலிருந்து திருநீற்றை எடுத்து, எட்டி, டாக்டர் நெற்றியில் பட்டையாகப் பூசிவிட்டாள்.

ஸ்ரீரங்கத்தில் டாக்டர் மாதிரி வைஷ்ணவ வீடுகளில் நெற்றியில் திருநீறு ஏறவே ஏறாது என்பது வேதக்காரியான எனக்கே தெரியும். அஞ்சலைக்கு அது தெரியாது. டாக்டர் அசையாமல் நின்றார். பிறகு இன்னும் கொஞ்சம் தலையைக் குனிந்து கொடுத்தார். அஞ்சலை எனக்கும் ஒரு விரல் வைத்துவிட்டாள்.

பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொள்வார் என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். துடைக்கவில்லை. ஒண்ணாம் நம்பர் பஸ் வந்தது. ஜன்னலோர சீட்டில் அந்த நெற்றியோடு உட்கார்ந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனார்.

மறுநாள் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தவர் பதினோரு மணி வரை காத்திருக்காமல் பேசினார். "வாசல்ல நுழையறப்பவே எங்காத்துக்காரர் கேட்டுட்டார், நெத்தியில என்னன்னு. அதைச் சொல்லணும்னா அஞ்சலையைச் சொல்லணும். அஞ்சலையைச் சொல்லணும்னா எல்லாத்தையும் சொல்லணும். சொன்னேன். அப்பறந்தான் மேரி, எனக்கு அழுகை வந்தது."

சொல்லிவிட்டு, அஞ்சலையை தியேட்டருக்குள் எடுத்துப் போய்விட்டார்களா என்று என்னைப் பார்த்துவரச் சொன்னார்.